அப்பாவின் குரல் கேட்கவில்லை: சூசாக் நோயும் ஒரு தாயின் எட்டுப் பக்கக் கடிதமும்

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எட்டுப் பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய மூத்த மகளுக்கு ஏழு வயது; இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கடந்த பொங்கலை ஒட்டி அவளுக்கு விடாத தலைவலி தொடங்கியது. இரண்டு வாரங்களில் நடத்தை மாறியது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள், பாட்டியின் பெயரை மறந்தாள், நடையில் தள்ளாட்டம் வந்தது, படுக்கையில் சிறுநீர் கழித்தாள். மூளைக்காய்ச்சல் என்ற சந்தேகத்தில் பத்து நாள் சிகிச்சை நடந்தது. முதுகுத் தண்டு நீரில் கிருமி எதுவும் இல்லை; புரதம் மட்டும் கூடுதலாக இருந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்ததால், கிருமித் தொற்றுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு வரும் மூளை அழற்சி என்று முடிவு செய்து ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். மூன்றே வாரங்களில் குழந்தை ஓடியாடினாள். மாத்திரை ஆறு வாரங்களில் குறைக்கப்பட்டு நிறுத்தப்பட்டது.

ஏப்ரலில், "அப்பா ஏன் மெதுவாவே பேசுறாங்க?" என்று கேட்கத் தொடங்கினாள். காதுக்குள் வண்டு ரீங்கரிக்கிறது என்றாள். அழுக்கு என்று சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது. ஜூனில் பள்ளி திறந்ததும், கரும்பலகையின் கீழ் மூலையில் எழுத்தே இல்லை என்றாள். எழுதச் சோம்பல் என்று வகுப்பில் திட்டு வாங்கினாள். கண்ணாடி வாங்கப் போன இடத்தில்தான் விழித்திரைச் சிறப்பு மருத்துவர், அங்குள்ள சிறு ரத்தக்குழாய்க் கிளை ஒன்று அடைபட்டிருப்பதைக் கண்டார். பழைய ஸ்கேனை மீண்டும் எடுத்துப் பார்த்த மருத்துவர் குழு, மூளை, கண், காது மூன்றையும் தாக்கும் சூசாக் நோய் என்று பெயர் சொன்னது. இப்போது ஸ்டீராய்டு மீண்டும் தொடங்கியிருக்கிறது. மாதந்தோறும் ஐ.வி.ஐ.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தை ஏற்ற வேண்டும், எதிர்ப்பு அணுக்களைக் கட்டுப்படுத்தும் மைக்கோஃபீனலேட் மருந்தைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கொடுக்க வேண்டும் என்கிறார்கள்.

அந்தத் தாயின் கேள்விகள் இவை. சொந்த மாமன் மகனை மணந்துகொண்டதால் வந்ததா? ஐந்து வயதில் போட்ட தடுப்பூசியால் வந்ததா? குழந்தை இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள், முகம் பூரி போல் உப்பிவிட்டதே, ஒரு மண்டலம் ஆங்கில மருந்தை நிறுத்திவிட்டு உறவினர் சொல்லும் நாட்டு மருந்தைப் பத்தியத்தோடு கொடுத்துப் பார்க்கலாமா? முதலில் தவறாகச் சொன்ன மருத்துவமனைமீது வழக்குப் போட வேண்டும் என்று கணவர் சொல்வது சரியா? "மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சல், வேறு பள்ளி பாருங்கள்" என்கிறது பள்ளி நிர்வாகம், என்ன செய்வது? கடைசி வரியில், மகள் இரவில் கேட்கும் ஒரு கேள்வியையும் எழுதியிருக்கிறார். அதற்கு இறுதியில் வருகிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் நீங்கள் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டு எழுதிய வரிகள்தான் அதிகம். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சூசாக் நோய் பரம்பரை நோய் அன்று. நெருங்கிய உறவில் நடக்கும் திருமணங்களால் சில மரபணுக் குறைபாடுகள் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த வரிசையில் இந்த நோய் இல்லை. இது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வருவதில்லை; ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. உங்கள் இளைய மகனுக்கு இதற்காக எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. தடுப்பூசி இதை உண்டாக்குகிறது என்பதற்கும் சான்று எதுவும் இல்லை. உங்கள் மாமியார் சொல்லும் நேர்த்திக்கடனை நிறைவேற்றுவதால் குழந்தைக்குத் தீங்கில்லை, குடும்பத்துக்கு அது ஆறுதல் தருமானால் கூட்டமில்லாத ஒரு நாளில் செய்யுங்கள். அது நிறைவேறாததால்தான் குழந்தைக்கு நோய் வந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தப் பேச்சைக் குழந்தையின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் சூசாக் 1979இல் இரண்டு பெண்களிடம் கண்டு விவரித்த நோய் இது. நம் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே, மூளை, விழித்திரை, உட்காது ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள மிக நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்குகின்றன. சுவர் வீங்குகிறது, குழாய் அடைபடுகிறது, அதற்கு அப்பால் உள்ள திசுவுக்கு ரத்தம் போகாமல் அது பட்டுப்போகிறது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் தலைமையில் 2019இல் வெளிவந்த ஆய்வு, சிடி 8 என்ற வகை வெள்ளை அணுக்கள் அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டு சேதம் செய்வதைக் காட்டியது. அவை ஏன் திடீரென்று இப்படித் திரும்புகின்றன என்பது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் உள்ள பெண்களுக்கே வரும் நோய் இது. குழந்தைகளிடம் மிக அரிது. எனவே உங்கள் ஊரில் எவரும் கேள்விப்பட்டிராததில் வியப்பில்லை.

உங்கள் மகள் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். குக்கர் விசில் கேட்கிறது, தம்பி கத்துவது கேட்கிறது, அப்பா பேசுவது மட்டும் கேட்கவில்லை. இதை நீங்கள் அப்போது அடம் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அந்தச் சுருளின் உச்சியில்தான் கனத்த, தாழ்ந்த சுருதி ஒலிகள் உணரப்படுகின்றன. அடிப்பகுதியில் கீச்சென்ற ஒலிகள். உச்சிக்குப் போகும் ரத்தக்குழாய் மிக மெல்லியது, அதற்கு மாற்றுவழியும் இல்லை. அதனால் சூசாக் நோயில் பெரும்பாலும் முதலில் போவது தாழ்ந்த சுருதிதான். ஓர் ஆணின் கனத்த குரல் அந்தக் காதுப் பக்கம் மங்கிப்போக, விசில் சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்கும். ஏழு வயதுக் குழந்தை தன் நோயின் முக்கியமான அடையாளத்தைத் தன் மொழியில் சரியாகச் சொல்லியிருக்கிறாள். அதைப் புரிந்துகொள்ள நம்மில் யாருக்கும் தெரியவில்லை. இதில் உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் மருத்துவனான நானும் அப்படித் தவறியவன்.

பல ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற மூளை அழற்சியோடு வந்த ஒரு சிறுவனிடம் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவன் உடனே பதில் சொன்னான். காது நன்றாக இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். வெளியே போகும்போது அவன் முதுகுக்குப் பின்னால் அவன் தாய் கூப்பிட்டார், அவன் திரும்பவில்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவன் என் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து, காரணம் முழுதாகத் தெரியாத மூளை அழற்சியோடு வரும் எந்தக் குழந்தைக்கும் செவித்திறன் பரிசோதனையும் விழித்திரைப் பரிசோதனையும் செய்யாமல் நான் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

முதல் மருத்துவமனையைப் பற்றி

கணவரின் கோபம் புரிகிறது. ஆனாலும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். உலகெங்கும் அதுவரை பதிவான 304 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2013இல் வெளியான ஆய்வில், நோயின் தொடக்கத்திலேயே மூளை, கண், காது மூன்றும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்கள் 13 விழுக்காட்டினர்தான். மற்றவர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக, வாரங்கள் அல்லது மாதங்கள் இடைவெளியில் அறிகுறிகள் வந்தன. ஜனவரியில் உங்கள் மகளுக்கு மூளைப் பாதிப்பு மட்டுமே வெளிப்பட்டிருந்தது. அந்த நிலையில் கிருமித் தொற்றா என்று பார்த்ததும், பிறகு ஸ்டீராய்டு ஏற்றியதும் சரியான செயல்களே. சூசாக் என்று அன்றே தெரிந்திருந்தாலும் முதல் மருந்து அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஸ்கேனில் ஒரு துப்பு இருந்தது என்பது உண்மை. இடது, வலது மூளைகளை ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகளால் இணைக்கும் பாலம் ஒன்று நடுவில் இருக்கிறது. நரம்பிழைகளின் உறையைச் சிதைக்கும் மல்ட்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நோயில் புள்ளிகள் அந்தப் பாலத்தின் விளிம்பை ஒட்டி வரும். சூசாக் நோயில் பாலத்தின் நட்டநடுவில், உருண்டையாக, பனிப்பந்து போல வரும். நீங்கள் அனுப்பிய அறிக்கை நகலில் அந்த விவரம் இருக்கிறது; அதன் பொருள் அப்போது உணரப்படவில்லை. இது கவனக்குறைவா, அரிய நோயில் எவருக்கும் நேரக்கூடிய தவறா என்பதை ஒரு கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்வது முறையன்று.

உங்கள் உரிமை எது என்பதை மட்டும் சொல்கிறேன். எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களின் நகலைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. ஸ்கேன் குறுந்தகடு, வெளியேற்றச் சுருக்கம் (டிஸ்சார்ஜ் சம்மரி), முதுகு நீர் முடிவு எல்லாவற்றையும் இப்போதே வாங்கிவிடுங்கள். வழக்குக்காக என்று நினைத்து வாங்க வேண்டாம், அடுத்த மருத்துவருக்கு அவை தேவை. நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவதற்குச் சட்டம் இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. ஆகவே வழக்கைப் பற்றிய முடிவை இந்த மாதமே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரையும், தொடர்பில்லாத இன்னொரு நரம்பியல் மருத்துவரையும் கேளுங்கள். சிகிச்சை பற்றிய முடிவுக்குத்தான் அவகாசமே இல்லை.

"குழந்தை இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள்"

உங்கள் கடிதத்தில் எனக்கு அச்சம் தந்த வரி இதுதான். ஒரு மண்டலம் மருந்தை நிறுத்திப் பார்க்கலாம் என்ற எண்ணம் இந்த வரியிலிருந்துதான் பிறக்கிறது.

மூளையின் அழற்சி தணிந்தால் குழந்தை விரைவில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவாள். அதை நாம் கண்ணால் காண்கிறோம், மகிழ்கிறோம். ஆனால் அதே நாட்களில் விழித்திரையின் ஓரத்தில் ஒரு குழாய் அடைபட்டால் குழந்தைக்கு வலிக்காது, கண் சிவக்காது, இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது குறை பெரும்பாலும் தெரியவும் தெரியாது. பிள்ளைகள் தங்களுக்குக் குறைந்துபோனதை முறையிடுவதில்லை; குறைந்ததையே உலகம் என்று ஏற்றுக்கொண்டு விளையாடப் போய்விடுகிறார்கள். உங்கள் மகளுக்கும் இப்படித்தான் நடந்தது. மார்ச் மாதத்தில் அவள் 'குணமாகி' ஓடியாடிக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து நின்ற சில வாரங்களில் வலக் காது போனது, அதற்கடுத்துக் கண்ணில் ஒரு துண்டு போனது.

இவற்றில் எது திரும்பும், எது திரும்பாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நினைவு, நடை, நடத்தை ஆகியவை பெரும்பாலான குழந்தைகளிடம் நன்றாகத் தேறுகின்றன, நேரம்தான் எடுக்கும். பட்டுப்போன விழித்திரைப் பகுதி மீண்டும் பார்வை பெறுவதில்லை. உங்கள் மகளின் வலக்கண்ணில் அந்தக் கீழ் மூலை அப்படியே இருக்கும். இழந்த செவித்திறனும் பெரும்பாலும் திரும்புவதில்லை. இனி தரும் சிகிச்சை எல்லாம் மிச்சமிருப்பதைக் காப்பதற்காக. மிச்சமிருப்பது நிறைய: இடக் காது முழுமையாக, இடக் கண் முழுமையாக, வலக் கண்ணின் மையப் பார்வையும்.

நாட்டு மருந்தைப் பற்றி உங்கள் உறவினரிடம் பகைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் 48 நாள் என்பது இந்த நோயில் நீண்ட காலம், அதற்குள் மறு காதும் போகக்கூடும். இன்னோர் ஆபத்து ஸ்டீராய்டு சார்ந்தது. வாரக்கணக்கில் அந்த மருந்தைப் பெற்ற உடல், தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்திவிடும். திடீரென மாத்திரையை நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். முகம் உப்பியது, பசி கூடியது, கோபம் வருவது எல்லாம் மருந்தின் விளைவுகள். அளவு குறையக் குறைய மறையும். அளவைக் குறைக்கத்தான் மற்ற இரண்டு மருந்துகளையும் சேர்க்கிறார்கள் என்பதை உங்களுக்கு யாரும் விளக்கவில்லை போலிருக்கிறது.

ஐ.வி.ஐ.ஜி. என்பது ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம்; 20 கிலோ எடையுள்ள உங்கள் மகளுக்கு 40 கிராம், அதைச் சில நாட்களாகப் பிரித்து ஏற்றுவார்கள். ஏற்றும் நாளில் தலைவலி, காய்ச்சல் வரலாம். வேகத்தைக் குறைத்தால் தணியும். மைக்கோஃபீனலேட் எதிர்ப்பு அணுக்கள் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் மருந்து. அதற்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கையைத் தவறாமல் பார்க்க வேண்டும். இவற்றுக்கும் நோய் அடங்காவிட்டால் ரிட்டுக்ஸிமாப், சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஆகிய வேறு மருந்துகள் உண்டு. பின்னது எதிர்காலத்தில் கருவுறும் திறனைப் பாதிக்கக்கூடியது என்பதால், பெண் குழந்தைக்கு அதைத் தருவதற்கு முன் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பதை எந்த மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு ஆண்டுகள் என்பது ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த நோய் சிலருக்கு ஒரே அலையாக வந்து ஓய்கிறது, சிலருக்கு அலை அலையாக வருகிறது, சிலருக்கு விடாமல் புகைந்துகொண்டே இருக்கிறது. உங்கள் மகள் எந்த வகை என்பதைக் காலம்தான் காட்டும். ஓய்ந்துவிட்டது என்று எண்ணிய பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பியவர்களும் உண்டு. ஆகவே நானும் உங்கள் மருத்துவர்கள் சொன்னதையே சொல்கிறேன்: குறைந்தது இரண்டு ஆண்டுகள், அதுவும் கண், காது, ஸ்கேன் மூன்றும் அமைதியாக இருந்தால் மட்டும், படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வீட்டிலும் மருத்துவமனையிலும் கவனிக்க வேண்டியவை

முதல் ஆறு மாதங்களுக்கு மாதம் ஒருமுறை அளவிலாவது செவித்திறன் பரிசோதனையும் விழித்திரைப் பரிசோதனையும் தேவை என்பது என் கருத்து. விழித்திரைக்கு வெறும் டார்ச் அடித்துப் பார்ப்பது போதாது. கையில் ஃப்ளோரசின் சாயம் ஏற்றி ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் வேண்டும். அடைபடப்போகும் குழாயின் சுவரில் சாயம் கசிவது அதில்தான் தெரியும். சாயம் ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும், சில மணி நேரம் தோலும் மஞ்சளாக இருக்கும். காமாலை என்று பாட்டி பயந்துவிடாமல் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். சென்னை எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனை, மதுரை அரவிந்த், வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் இந்தப் பரிசோதனைக்கு வசதி உண்டு. நரம்பியல், கண், காது மூன்று துறை மருத்துவர்களும் ஒரே கோப்பைப் பார்க்கும்படி ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, அங்கேயே தொடர்வது நல்லது. மூன்று ஊரில் மூன்று பேரிடம் காட்டி, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் போவதில் எத்தனையோ வாரங்கள் வீணாகின்றன.

இடையில் நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிறுதோறும் காலையில், ஒரு கண்ணைக் கையால் மூடச் சொல்லி, தினசரிக் காலண்டர் தாளின் நடு எண்ணையே பார்க்கச் சொல்லுங்கள். நான்கு மூலையும் தெரிகிறதா, ஏதாவது மூலை காணவில்லையா என்று கேளுங்கள். பிறகு மறு கண். காதுக்கு, கணவர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வழக்கமான குரலில் நான்கு பழங்களின் பெயரைச் சொல்லட்டும். அவள் திருப்பிச் சொல்லட்டும். விளையாட்டாகவே செய்யுங்கள், ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பரிசோதனைக்கு இது மாற்று அன்று. ஆனால் ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் வேறுபாடு தெரிந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். புதிய தலைவலி, தலைச்சுற்றல், காதில் புதிய இரைச்சல், திடீர் நடத்தை மாற்றம் ஆகியவற்றுக்கும் அப்படியே.

எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்துகளில் இருக்கும்வரை உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை அவளுக்குப் போடக் கூடாது. தம்பிக்குப் போலியோ சொட்டு மருந்து முகாம் வரும்போது, அதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சொட்டு மருந்திலுள்ள கிருமி சில வாரங்கள் மலத்தில் வெளியேறும் என்பதால் அவனுக்கு ஊசி வடிவம் பொருத்தமாக இருக்கலாம். வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருப்பதாகத் தெரிந்தால், கொப்புளம் வருகிறதா என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். அடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அம்மையோ ஃப்ளூ காய்ச்சலோ வரும்போது அதைத் தொடர்வது கல்லீரலையும் மூளையையும் பாதிக்கக்கூடும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி மிகத் தயங்கி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். எந்த மருந்து எந்தத் தொகுப்பில் வரும் என்பதை, மருத்துவமனையிலேயே இருக்கும் காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம், மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தோடு கேளுங்கள். 'ஸ்டெம் செல்' சிகிச்சை என்று ஒரு தனியார் இடத்தில் பெருந்தொகை கேட்டதாகச் சொல்கிறீர்கள். இந்த நோய்க்கு அப்படி நிறுவப்பட்ட சிகிச்சை எதுவும் இல்லை. நிலத்தை விற்க வேண்டாம்.

பள்ளி

அவளை வெளியேற்றப் பள்ளிக்கு உரிமை இல்லை. தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இத்தகைய குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, தேவையான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. ஆனால் சட்டப் பிரிவை எடுத்துக்கொண்டு நேரே பள்ளி முதல்வர் அறைக்குப் போவதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். பல பள்ளிகள் பயத்தில்தான் விலக்குகின்றன. வலிப்பு வருமோ, பிற பிள்ளைகளுக்குத் தொற்றுமோ, ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்ற பயம். உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். தொற்று நோய் அன்று என்பதும், அவசரத்தில் யாரை அழைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். கேட்கும் வசதி மிகச் சிறியது: முன்வரிசையில், இடக் காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி ஓர் இடம், வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆசிரியர் பேசாதிருப்பது, எழுதிப்போட்டதை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது, களைத்தால் அரை மணி ஓய்வு. இதற்கும் மறுத்தால், மாவட்டக் கல்வி அலுவலரிடமும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் எழுத்தில் முறையிடுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை உடனே கிடைத்துவிடும் என்று எண்ணியிருக்கிறீர்கள். சட்டம் செவித்திறன் குறைவை இரு காதுகளையும் வைத்தே வரையறுக்கிறது. ஒரு காதுக் குறைவு மட்டும் அதற்குள் வராது. மூளை, கண், காது மூன்றையும் சேர்த்து மருத்துவக் குழு மதிப்பிடும்படி கேளுங்கள். அட்டை கிடைக்காவிட்டாலும் வகுப்பறை வசதிகளைக் கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. வலக் காதுக்குக் கருவி பயன்படுமா என்பதைச் செவியியல் வல்லுநர் ஒரு மாதம் அணியவைத்துப் பார்த்துச் சொல்வார். ஒருவேளை பின்னாளில் இரு காதுகளும் பாதிக்கப்பட்டால் உட்காதில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை இருக்கிறது. இந்த நோயாளிகளில் அது நன்றாகப் பலன் தந்திருக்கிறது. அதை இன்று நினைத்து உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், இருக்கிறது என்று மட்டும் தெரிந்திருக்கட்டும். சென்னை முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனத்தில், கண்ணும் காதும் சேர்ந்து பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான பயிற்சியை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.

இனி, உங்கள் மகள் இரவில் கேட்கும் கேள்வி. "இந்தக் காது எப்போம்மா திறக்கும்?" நாளைக்கு என்று சொல்லிச் சமாளித்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள். ஏழு வயதுக்கு நாளை என்பது நன்றாக நினைவிருக்கும், அவள் எண்ணிக்கொண்டிருப்பாள். விளக்கைப் போட்டு, உங்கள் முகம் தெரியும்படி, இடப் பக்கமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். "இந்தக் காதுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு, அது நீ செஞ்ச தப்பு இல்ல. அது பழையபடி கேக்காதுன்னு டாக்டர் சொல்றாங்க. இன்னொரு காது பத்திரமா இருக்கத்தான் இந்த மாத்திரை, அந்த ஊசியெல்லாம்" என்று சொல்லுங்கள். அழுவாள், அழட்டும். மறுநாளும் அதையே கேட்பாள், அதே பதிலைச் சொல்லுங்கள். அவள் அப்பாவை, இனிமேல் அவளுக்கு இடப் பக்கம் உட்கார்ந்து கதை சொல்லச் சொல்லுங்கள்.